ஈரப்பதம் பத்தொன்பது

கொரடாச்சேரிக்குத் தெற்கே
கொள்முதல் நிலைய வாசலில்
ஒன்பதாவது இரவு.
என் நெல் ஒரு மேடு,
தாவூது அண்ணன் நெல் ஒரு மேடு,
நடுவில் ஒரு நாய்
யார் கணக்கிலும் சேராமல்.

வலது காதில் மாறோகன்.
இடது காது மழைக்கு.
அப்படித்தான் பங்கு பிரித்திருக்கிறேன்.

மாறோகன்
தன் நிழலை ஆற்றிடம் அடகு வைத்த தளபதி.
வைத்தது ஆறாம் பாகத்தில்.
எட்டாம் பாகம் ஓடுகிறது,
இன்னும் வட்டிதான் கட்டிக்கொண்டிருக்கிறான்:
முதலில் குதிரையின் நிழல்,
பிறகு தங்கையின் நிழல்,
இப்போது ஓர் ஊரே
உச்சி வெயிலில்
காலடியில் கறுப்பில்லாமல் நடமாடுகிறது.

நல்ல கதையா ஏதாவது கேளேன் என்கிறார்
திருப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர்.
நல்ல கதையில் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.
தூங்கினால் தார்ப்பாய் யார் போடுவது?

அது மட்டுமில்லை.
சொசைட்டி நோட்டீசில் வருகிற பயத்துக்கு
முகம் கிடையாது, முத்திரை மட்டும்தான்.
இந்தப் பயத்துக்குக் கொம்பு இருக்கிறது,
பெயர் இருக்கிறது,
என்றைக்காவது ஒரு பாகத்தில்
அதன் கழுத்துக்கு ஒரு வாள் வரும்.

அச்சுப் புத்தகமாகவும் ஒன்று வாங்கிப் பார்த்தேன்.
இன்னும் நூறு பக்கம் பாக்கி,
இவன் இப்போது சாகமாட்டான் என்று
விரலே சொல்லிவிடுகிறது.
காதுக்கு அந்த மோப்பம் இல்லை.
பயந்து கண்ணை மூடினால்
இன்னும் கிட்டே வருகிறது.

வாசிக்கிறவள் ஹெப்சிபா.
பாகம் முடிகையில் ஒரே ஒரு தடவை
பெயரைச் சொல்லிவிட்டுப் போவாள்.
மாறோகனுக்கும் அவள்தான் தொண்டை,
அவனை விழுங்கப் பார்க்கிற ஆற்றுக்கும் அவள்தான்.
ஒரு கொலைக்கு முன்னால்
எச்சில் விழுங்குகிறாள்.
எழுதியவர் அதை எழுதியிருக்கமாட்டார்.

பனிரெண்டு மணிக்குமேல் தாவூது அண்ணன் வந்து
சும்மா கிடந்த இடது குமிழைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
"இவன் நல்லவனா, கெட்டவனா?"
"இன்னும் தெரியலைண்ணே."
"தெரியாமலா எட்டு பாகம் கேட்டே?"
பிறகு பேச்சில்லை.
பீடி விரலிலேயே அணைந்துவிட்டது.

ஆற்றுக்கு அடியில் ஒரு கதவு.
மாறோகன் தட்டுகிறான்.
உள்ளேயிருந்து
அவன் குரலிலேயே ஒருத்தன்
யார் என்கிறான்.

போன் செத்தது.
அந்த நேரம் பார்த்து
இடது காதின் பங்கு வந்து சேர்ந்தது,
மேற்கிலிருந்து, சடசடவென்று.

இழு, அந்த மூலையைப் பிடி,
செங்கல் எங்கே, செங்கல்,
நாயே தள்ளிப் போ.
முதுகெல்லாம் நனைந்து
இரண்டு மேட்டையும் மூடி முடித்து
மூச்சு வாங்க உட்கார்ந்தபோது
இருட்டுக்குள்ளிருந்து அண்ணன் கேட்டார்:
"கதவுக்கு அந்தாண்டை யாரும்மா?"

காலையில் பட்டியல் எழுத்தர் குணபாலன்
ஒரு பிடி நெல்லைக் கருவியில் போட்டார்.
பத்தொன்பது என்றார்.
பதினேழுக்கு மேலே எடுக்க முடியாது என்றார்.
சரி என்றேன்.
சார்ஜ் மட்டும் போட்டுக்கட்டுமா சார்?

மின்விசிறியைப் பிடுங்கிவிட்டுச் செருகினார்.
திரை வெளிச்சமானதும்
மாறோகன் படத்தைப் பார்த்துவிட்டார்.
"அட, எட்டிலயா இருக்கே?
கதவுக்குப் பின்னாடி நிக்கிறது
அவன் நிழல்தானே!"

ஒன்பது ராத்திரிக்கு வாய் திறக்காதவள்
பத்தொன்பதுக்கும் திறக்காதவள்
அதற்குக் கத்தினேன்.
லோடுமேன்கள் மூட்டையைத் தோளில் வைத்தபடி நின்றுவிட்டார்கள்.
செங்கொடி என்று பெயர் வைத்த அப்பா
இருந்திருந்தால்
எந்தப் போராட்டம் என்று கேட்டிருப்பார்.

குணபாலன் தலையைக் குனிந்துகொண்டு
இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.
பதினெட்டு புள்ளி ஆறு.
சாயங்காலம் வா, பார்ப்போம்.

வெயில் ஏறியது.
நெல்லைப் பரப்பிக் காலால் கிளறினேன்.
கூடவே இன்னொருத்தியும்
கறுப்பாக, நீளமாக, கிளறிக்கொண்டு வந்தாள்.
குனிந்து ஒரு தடவை
பார்த்துவைத்துக்கொண்டேன்.